பாடம் 7: வீட்டுக்குள்ளே மீனும் கீரையும்
புதிய வீட்டில் சிறிய அக்குவாபோனிக்ஸ் தொகுதி ஒன்றை அமைத்தல்

இந்தப் பாடம் யாருக்கு?

மண்சரிவு அபாயம் காரணமாக லயத்தை விட்டுப் புதிய வீட்டுக்கு வந்திருக்கும் குடும்பங்களுக்காக இந்தப் பாடம் எழுதப்பட்டுள்ளது. தற்காலிக இடத்தில் இருந்து வீட்டுக்காகக் காத்திருக்கும் குடும்பங்களும் இதைப் பயன்படுத்தலாம்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. தப்பியவர்களுக்கு மாக்கல்தெனியவில் 75 வீடுகள் கட்டப்பட்டு 2016இல் கையளிக்கப்பட்டன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மழையிலும் பதுளை மாவட்டத்தின் பல இடங்களில் மண் சரிந்தது. இப்படி இடம் மாறும் ஒவ்வொரு குடும்பமும் வீட்டோடு சேர்த்து இன்னொன்றையும் விட்டுவிட்டு வருகிறது. அது லயத்துக்குப் பக்கத்தில் பல வருடங்களாகப் பண்படுத்திய மரக்கறிப் பாத்தி.

புதிய வீட்டுக்குப் பெரும்பாலும் 7 பேர்ச் காணிதான். அதிலும் வீடு, மலசலகூடம், கான், பாதை எல்லாம் போக மிஞ்சுவது கொஞ்சம். காணியைச் சமப்படுத்தும்போது மேல்மண் போய்விடுவதால், அந்தக் கொஞ்ச இடத்திலும் முதல் இரண்டு வருடங்களுக்குக் கீரைகூடச் சரியாக வராது.

இது சிறிய விடயம் அல்ல. 2016ஆம் ஆண்டின் குடிசனவியல் சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாட்டளவில் ஏறக்குறைய 17 சதவீதம். தோட்டப்புறத்தில் ஏறக்குறைய 32 சதவீதம். பிள்ளையின் தட்டில் வாரத்துக்கு நாலு நாள் கீரையும் இடைக்கிடை ஒரு மீன் துண்டும் சேர்ந்தால் அது நல்ல தொடக்கம்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இந்தப் பாடத்தில் சொல்லப்படும் அளவிலான தொகுதி ஒரு தொழில் அல்ல. இதிலிருந்து மாத வருமானம் வராது. சமையலுக்குக் கீரை கிடைக்கும், வருடத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ மீன் கிடைக்கும், வேலை செய்யும் விதம் கைக்கு வரும்.

அக்குவாபோனிக்ஸ் என்றால் என்ன?

ஒரு தொட்டியில் மீன், அதன் அருகே சல்லிக்கல் நிரப்பிய பாத்தியில் செடி. மீன் தொட்டியின் தண்ணீர் பாத்திக்குப் போய், கல்லுக்குள்ளால் வடிந்து, திரும்பவும் தொட்டிக்கு வருகிறது. மண் இல்லை, உரம் இல்லை.

மீனின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகிறது. அது தண்ணீரில் கூடினால் மீன் செத்துவிடும். ஆனால் கல்லின் மேல் ஒட்டி வாழும் ஒருவகைப் பக்டீரியா அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றுகிறது. இதுவும் மீனுக்கு நஞ்சு. இன்னொரு வகைப் பக்டீரியா அதை நைத்திரேற்றாக மாற்றுகிறது. நைத்திரேற்றைச் செடியின் வேர் உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே நீங்கள் வளர்ப்பது மூன்று உயிர்கள்: மீன், செடி, கண்ணுக்குத் தெரியாத பக்டீரியா. மூன்றாவதை மறந்தவர்களின் மீன்தான் முதல் மாதத்திலேயே சாகிறது.

தண்ணீர் சுற்றிச்சுற்றி வருவதால், ஆவியாவதையும் செடி குடிப்பதையும் மட்டும் ஈடுசெய்தால் போதும். ஜூன் முதல் செப்டெம்பர் வரை பீலியில் தண்ணீர் மெலிந்து போகும் இடங்களுக்கு இது பெரிய உதவி.

எங்கே வைப்பது? எங்கே வைக்கக் கூடாது?

வெளிநாடுகளில் பலர் இத்தகைய தொகுதியை வீட்டின் நிலக்கீழ் அறையில் அமைக்கிறார்கள். நம் பக்கத்தில் அப்படி அறை இல்லை. ஆனால் சரிவில் கட்டிய வீடுகளில் அத்திவாரச் சுவருக்குக் கீழே கொஞ்சம் வெற்றிடம் இருக்கும். "அதைத் தோண்டிப் பெருப்பித்தால் ஒரு அறை கிடைக்குமே" என்ற எண்ணம் வருவது இயல்பு.

அதைச் செய்யாதீர்கள். வீட்டின் கீழேயும் பின்புற மண்மேட்டையும் வெட்டுவதுதான் சரிவைப் பலவீனப்படுத்தும் முதன்மையான காரணங்களில் ஒன்று. மண்சரிவு அபாயப் பகுதிகளில் கட்டுமானத்துக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு தேவைப்படுவதும் இதனால்தான். இந்தத் தொகுதிக்கு ஒரு மண்வெட்டி மண்கூட வெட்டத் தேவையில்லை.

நல்ல இடத்துக்கு இருக்க வேண்டியவை:

- உறுதியான சீமெந்துத் தரை. முழுத் தொகுதியின் பாரம் ஏறக்குறைய 350 கிலோகிராம், அதாவது ஐந்து பெரியவர்களின் பாரம். பலகைத் தளத்திலோ தூணில் நிற்கும் பகுதியிலோ வைக்க வேண்டாம்.
- வெளிச்சம். மீனுக்கு வெளிச்சம் அவசியமில்லை. கீரைக்கு நாளொன்றுக்கு ஐந்தாறு மணித்தியாலம் வெயில் வேண்டும். ஆகவே இஸ்தோப்பின் ஓரம், ஜன்னலோரம், அல்லது ஒளி புகும் தகடு போட்ட பின் தாழ்வாரம் பொருத்தமானது. இருட்டறையில் வைத்தால் விளக்குச் செலவு கீரையின் விலையை மிஞ்சிவிடும்.
- விறகடுப்புப் புகையும் சாம்பலும் விழாத இடம்.
- நிரம்பி வழியும் தண்ணீர் சீமெந்துக் கானுக்குப் போக வழி. அது எக்காரணம் கொண்டும் சரிவு மண்ணுக்குள் இறங்கக் கூடாது. 150 லீற்றர் தண்ணீர் மலையைச் சரிக்காது. ஆனால் குழாயைத் திறந்து மறந்துவிட்டுப் போனால், அல்லது மாதக்கணக்காக ஒரே இடத்தில் கசிந்தால், வீட்டின் அடி மண் ஊறிவிடும்.

காணி உறுதி இன்னும் கைக்கு வராத குடும்பங்களும் தயங்க வேண்டியதில்லை. இது நிலத்தோடு கட்டிய பொருள் அல்ல. இன்னொரு இடத்துக்குப் போக நேர்ந்தால் கழற்றி எடுத்துச் செல்லலாம்.

தேவையான பொருட்கள்

1. 200 லீற்றர் நீலப் பிளாஸ்டிக் பீப்பாய் இரண்டு. உணவுப் பொருள் வந்த பீப்பாயாக இருக்க வேண்டும். களைநாசினி, பூச்சிமருந்து வந்த பீப்பாயை எத்தனை முறை கழுவினாலும் பயன்படுத்தக் கூடாது.
2. முக்கால் அங்குலக் கருங்கல் சல்லி, ஏறக்குறைய 100 லீற்றர் (பத்து லீற்றர் வாளியால் பத்து வாளி).
3. சீமெந்துக் கல் (புளொக்), பாத்தியைத் தாங்க இரண்டு தடித்த மரச்சட்டம்.
4. மீன் தொட்டிக்குரிய 10 முதல் 15 வாற்று நீர்ப்பம்பி ஒன்று, அதற்குரிய குழாய்.
5. வடிகாலுக்கு ஒரு அங்குலப் பீ.வீ.சீ. குழாய், அதைப் பீப்பாயில் பொருத்தும் இணைப்பு.
6. மூடுவதற்கு நுளம்பு வலையும் பலகையும்.

செப்புக் குழாய், பித்தளை இணைப்பு, நாகம் பூசிய தகர வாளி ஆகியவை இந்தத் தண்ணீரில் படக் கூடாது. செப்பும் நாகமும் மிகச் சிறிய அளவிலும் மீனுக்கு நஞ்சு.

அமைக்கும் முறை

படி 1. ஒரு பீப்பாயைப் படுக்க வைத்து, மேற்பக்கத்தில் கை நுழையும் அளவுக்கு நீளமான வாய் வெட்டுங்கள். இது மீன் தொட்டி, ஏறக்குறைய 150 லீற்றர் தண்ணீர் கொள்ளும். உருளாதபடி இரு பக்கமும் கல் வைத்து அண்டை கொடுங்கள்.

படி 2. மற்றப் பீப்பாயை நீளவாக்கில் இரண்டாகப் பிளவுங்கள். ஒரு பாதி செடிப் பாத்தி. மறுபாதியைத் தண்ணீர் ஆற வைக்கும் தொட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய விளிம்புகளை அரத்தால் ராவிவிடுங்கள், கையை வெட்டும்.

படி 3. மீன் தொட்டிக்குப் பக்கத்தில், சீமெந்துக் கல்லை நான்கு வரிசை அடுக்கி இரண்டு தாங்கிகள் அமையுங்கள். உயரம் 80 சென்ரிமீற்றர் வரும். அவற்றின் மேல் சட்டங்களை வைத்துப் பாத்தியை ஏற்றுங்கள். சல்லி நிரம்பியதும் பாத்தி மட்டும் 190 கிலோகிராம் இருக்கும். ஒரு பெரியவர் சாய்ந்தாலும் ஆடாமல் நிற்கிறதா என்று சல்லி போடுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 4. பாத்தியின் அடியில் துளையிட்டு வடிகுழாயை நிறுத்துங்கள். குழாயின் வாய், சல்லியின் மேல்மட்டத்துக்கு 5 சென்ரிமீற்றர் கீழே இருக்கட்டும். மேல் சல்லி உலர்ந்திருந்தால் பாசி பிடிக்காது, தண்டு அழுகாது. குழாயைச் சுற்றி, துளையிட்ட பெரிய குழாய்த் துண்டொன்றை வைத்தால் சல்லி உள்ளே போய் அடைக்காது.

படி 5. சல்லியைக் கலங்கல் போகும்வரை கழுவுங்கள். பின் ஒரு கல்லின் மேல் நாலு துளி வினாகிரி விடுங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல், வேண்டாம்.

படி 6. பம்பியைத் தொட்டியில் இறக்கி, குழாயைப் பாத்தியின் ஒரு முனைக்குக் கொண்டுபோங்கள். வடிகுழாய் மறுமுனையில் இருக்கட்டும். வடியும் தண்ணீர் தொட்டிக்குள் உயரத்திலிருந்து விழும்போதுதான் ஒட்சிசன் கலக்கிறது.

படி 7. மின்கம்பி செருகியை நோக்கி நேரே போகாமல், முதலில் கீழே தொங்கிப் பின் மேலே ஏறட்டும். அப்போது கம்பியில் வழியும் தண்ணீர் செருகிக்குப் போகாது. வீட்டில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று சோதித்த பிறகே பம்பியைப் போடுங்கள். தொட்டிக்குள் கை வைக்கும் ஒவ்வொரு முறையும் செருகியைக் கழற்றுங்கள்.

படி 8. வாய்க்குப் பலகை மூடியும் நுளம்பு வலையும் போடுங்கள். நடை பழகும் பிள்ளை உள்ள வீட்டில் மூடியைக் கட்டி வைப்பது கட்டாயம்.

15 வாற்றுப் பம்பி இரவு பகலாக ஓடினால் மாதத்துக்கு 11 அலகு மின்சாரம் செலவாகும். மின்கட்டணம் படிமுறையாக ஏறுவதால், இந்த 11 அலகு உங்களை அடுத்த படிக்குத் தள்ளுமா என்று கடைசி மின்பட்டியலைப் பார்த்துத் தீர்மானியுங்கள். தள்ளுமென்றால் பம்பி இல்லாமலும் நடத்தலாம். காலை, மதியம், மாலை, படுக்கப் போகுமுன் என்று நாலு தடவை ஒரு வாளியால் தொட்டித் தண்ணீரை அள்ளிப் பாத்தியில் ஊற்றுங்கள். அப்போது மீனின் எண்ணிக்கை பாதியாக இருக்க வேண்டும்.

தண்ணீர்

குழாய்த் தண்ணீரில் குளோரின் போடப்படும் இடமானால், இரண்டு நாள் திறந்த தொட்டியில் வலை மூடி ஆற வைத்த பிறகே ஊற்றுங்கள்.

பீலித் தண்ணீரில் குளோரின் இல்லை. ஆனால் அது எந்த மலைக்குக் கீழால் வருகிறது என்று பாருங்கள். மழைக்காலத்தில் தேயிலையின் கொப்புள நோய்க்குச் செப்புக் கலந்த மருந்து தெளிக்கப்படுவது உண்டு. மேல் மலையில் மருந்து அடிக்கும் நாட்களிலும் அதற்குப் பிந்திய முதல் மழையிலும் அந்தத் தண்ணீரைச் சேர்க்காதீர்கள். புதிய தகரக் கூரையில் விழும் மழைத் தண்ணீரையும் தவிருங்கள்.

மலைத் தண்ணீர் மென்மையானது. பக்டீரியா வேலை செய்யச் செய்யத் தண்ணீரின் புளிப்பு கூடும், பி.எச். இறங்கும். 6க்கும் 7க்கும் இடையில் இருப்பது நல்லது. 6க்குக் கீழே போனால் பக்டீரியா சோர்ந்துவிடும். கழுவி நொறுக்கிய முட்டைக்கோதை ஒரு துணிப்பையில் கட்டித் தண்ணீர் விழும் இடத்தில் தொங்கவிட்டால் மெல்ல மெல்லச் சீராகும். தேயிலைக்குப் போடும் டொலமைட் தூளை ஒரேயடியாகக் கொட்ட வேண்டாம். பி.எச். சட்டென்று மாறினால் மீன் தாங்காது.

மீன் விடுவதற்கு முன் ஆறு வாரம்

தொகுதியை ஓடவிட்டு, மீன் இல்லாமலே தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியைத் தண்ணீரில் போடுங்கள். அது அழுகி அமோனியா வரும், அதைத் தேடிப் பக்டீரியா வளரும். ஏற்கெனவே மீன் வளர்ப்பவர் வீட்டுத் தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி சல்லி கிடைத்தால் வேகமாகும். வெப்பமான இடத்தில் நான்கு முதல் ஆறு வாரம், குளிரான இடத்தில் எட்டு வாரம்வரை செல்லும். மூன்றாம் வாரத்தில் ஐந்தாறு நாற்று நடலாம்.

அலங்கார மீன் கடைகளில் கிடைக்கும் சோதனைத் தாளில் அமோனியாவும் நைத்திரைற்றும் இல்லை என்று காட்டினால் மீன் விடலாம். தாள் இல்லாவிட்டால் முதலில் மூன்று சிறு மீன் மட்டும் விட்டு இரண்டு வாரம் பாருங்கள். குழுவாகச் செய்யும் குடும்பங்கள் ஒரு பெட்டித் தாளைப் பகிர்ந்துகொள்ளலாம்.

எந்த மீன்?

இது நீங்கள் இருக்கும் உயரத்தைப் பொறுத்தது.

*பதுளை நகரின் உயரத்திலும் அதற்குக் கீழும் (ஏறக்குறைய 680 மீற்றரும் அதற்குக் குறைவும்):* திலாப்பியா. 1952இலிருந்து நம் நாட்டுக் குளங்களில் பழகிய மீன். 27 முதல் 30 பாகை செல்சியஸில் நன்றாக வளரும். 17 பாகைக்குக் கீழே தீனி எடுக்காது.

*பண்டாரவளை, தியத்தலாவை, அப்புத்தளை, வெலிமடைப் பக்கம்:* குளிர் தாங்கும் கார்ப் மீன். சாப்பிட அல்லாமல் கீரைக்காக மட்டும் என்றால் தங்கமீனும் போதும். திலாப்பியா இங்கே டிசம்பர், ஜனவரி இரவுகளில் சோர்ந்துபோகும்.

குஞ்சுகள் பற்றித் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையின் (நக்டா) உத்தியோகத்தரிடம் கேளுங்கள். தனியாகப் போய்ப் பன்னிரண்டு குஞ்சு கேட்பதைவிட, பத்துக் குடும்பம் சேர்ந்து கேட்பது சுலபம்.

முதலில் 12 குஞ்சு விடுங்கள். கொண்டுவந்த பையை அரை மணித்தியாலம் தொட்டியில் மிதக்கவிட்டுப் பிறகு திறங்கள். மீன் வளர வளரப் பெரியதைச் சமையலுக்கு எடுத்து, கடைசியில் 8 மீன் மட்டும் வைத்திருங்கள். தலா 200 கிராம் என்றால் இந்தத் தொட்டிக்கு அதுவே அளவு. கீழ்ப் பிரதேசத்தில் இதற்குக் குறைந்தது ஆறு மாதம், மேலே ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும். வேண்டாத மீனை ஓடையில் விடாதீர்கள். அங்குள்ள நாட்டு மீன்களை அது அழித்துவிடும்.

எந்தச் செடி?

கங்குன், புதினா, சலாது, பசளி, கொத்தமல்லி ஆகியவை தொடக்கத்துக்கு நல்லவை. கடையில் வாங்கிய கங்குன் தண்டைச் சல்லியில் செருகினாலே வேர் விடும். தக்காளி, மிளகாய் கூடுதல் சத்துக் கேட்பவை. மீன் பெருத்த பிறகு நடுங்கள். காரட், கிழங்கு வகை சல்லியில் சரிவராது.

இந்தப் பாத்தியின் பரப்பு ஏறக்குறைய அரைச் சதுர மீற்றர். அவ்வளவு கீரைக்கு மீனுக்குப் போகும் தீனி நாளுக்கு 20 முதல் 25 கிராம் இருந்தால் சத்து சரியாக இருக்கும். 8 பெரிய மீன் சாப்பிடுவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். குஞ்சாக இருக்கும்போது இதில் பத்தில் ஒரு பங்குகூடச் சாப்பிடாது. ஆகவே தொடக்கத்தில் பாத்தி முழுக்க நட்டுவிட்டு இலை வெளிறுகிறதே என்று கவலைப்பட வேண்டாம். 20 கிராம் எவ்வளவு என்று கடைத் தராசில் ஒருமுறை நிறுத்து, ஒரு சிறு கோப்பையில் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பூச்சி வந்தால் கையால் பிடியுங்கள். எந்த மருந்தும், சவர்க்காரத் தண்ணீரும் இங்கே அடிக்கக் கூடாது. சாணத்தையும் சேர்க்கக் கூடாது. கீரையை நன்றாகக் கழுவிச் சமையுங்கள்.

ஏதாவது பிழைத்தால்

- காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது: ஒட்சிசன் போதாது அல்லது அமோனியா கூடிவிட்டது. தீனியை நிறுத்தி, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை ஆற வைத்த தண்ணீரால் மாற்றுங்கள்.
- தீனி மிதந்து கிடக்கிறது: கூடுதலாகப் போடுகிறீர்கள். ஐந்து நிமிடத்தில் தின்னாததை அள்ளி எடுங்கள். குளிர் நாட்களில் பாதியாகக் குறையுங்கள்.
- இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது: இரும்புச் சத்துக் குறைவு. விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு இதற்குரிய கரையும் இரும்புச் சத்தை வாங்குங்கள்.
- மின்சாரம் நின்றுவிட்டது: தீனி போடாதீர்கள். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒரு கோப்பையால் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றுங்கள்.
- தரை ஈரமாக இருக்கிறது: அன்றைக்கே கசிவைத் தேடி அடையுங்கள்.

மழைக்காலத்தில்

ஒக்டோபர் முதல் ஜனவரி வரை நமக்குக் கனமழைக் காலம். 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மஞ்சள் எச்சரிக்கை: விழிப்பாக இருங்கள். 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் செம்மஞ்சள்: வெளியேறத் தயாராகுங்கள். 150 மில்லிமீற்றரைத் தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் சிவப்பு: வெளியேறுங்கள். சுவரில் புதிய வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் அல்லது வற்றும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் எச்சரிக்கைக்காகக் காத்திருக்க வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

மஞ்சள் எச்சரிக்கை வந்ததும் மீனுக்குத் தீனியை நிறுத்துங்கள். ஓரிரு வாரம் தீனி இல்லாவிட்டாலும் பெரிய மீன் சாகாது. வெளியேறும்போது பிரதான மின்சுவிட்சை அணைத்துவிட்டுப் போங்கள். பம்பி நின்றால் மீன் பிழைக்கலாம், சாகவும் செய்யலாம். மீனைப் பார்ப்பதற்காகவோ தொட்டியை எடுப்பதற்காகவோ யாரும், ஒரு நிமிடத்துக்குக்கூட, வீட்டுக்குத் திரும்பிப் போகக் கூடாது. குஞ்சை மறுபடி வாங்கலாம், பீப்பாயையும் வாங்கலாம். பிள்ளைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தினமும் தீனி போடுவது பெரும்பாலும் அவர்கள்தான், மீன்மேல் அவர்களுக்குத்தான் ஆசை அதிகம்.

குழுவாகப் பேசிப் பார்க்க

1. உங்கள் வீட்டில் ஐந்து மணித்தியாலம் வெளிச்சம் விழும், தரை உறுதியான இடம் எது? அங்கிருந்து சீமெந்துக் கானுக்கு எவ்வளவு தூரம்?
2. உங்கள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அதற்கு மேலே மருந்து அடிக்கும் நாளை முன்கூட்டியே யாரிடம் அறியலாம்?
3. வீட்டில் எல்லோரும் கொழுந்துக்குப் போன நேரத்தில் மின்சாரம் நின்றால் யார் பார்ப்பார்கள்?
4. முதல் கங்குன் கட்டு யாருடைய தட்டுக்கு?

நாலு கேள்விக்கும் விடை கிடைத்த பிறகு பீப்பாய் தேடப் போங்கள்.